தோட்டத்துக்கு வந்த யானை: செந்தூலிலிருந்து தாமான் நெகாரா வரை

சனி இரவு, செந்தூல்

கூடம் முழுக்கச் சாமான் பரப்பிக் கிடக்கிறது. நாளை விடிகாலை புறப்பாடு. அம்மா, இவர் (என் கணவர்), மகள் யாழினி, நான் என நாலு பேர். முதலில் லஞ்சாங் பக்கத்துக் கோல காண்டா யானைக் காப்பகம். பிறகு ஜெராண்டுட், கோல தாஹான், மலேசியத் தேசியப் பூங்காவான தாமான் நெகாரா. வியாழக்கிழமை வீடு திரும்புகிறோம்.

பள்ளி விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று கேட்டபோது யாழினி 'சஃபாரி' என்றாள். பதின்மூன்று வயது. அவள் மனதில் இருப்பது தொலைக்காட்சியில் வரும் ஆப்பிரிக்கப் புல்வெளி, திறந்த ஜீப், பத்தடி தூரத்தில் சிங்கம். அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் புல், மிருகம் பகலிலேயே தெரியும். நம்முடையது மழைக்காடு. பதினைந்து அடிக்கு அப்பால் இலைதான் தெரியும், மிருகங்களில் பாதி இரவில்தான் நடமாடும், நாம் அவற்றைப் பார்ப்பதற்கு முன்பே அவை நம்மை மோப்பம் பிடித்துவிடும். ஆப்பிரிக்காவில் வண்டியில் போய்ப் பார்க்கிறார்கள், இங்கே ஓரிடத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் போனவர்கள்தான் "மூணு நாள் இருந்தோம், ஒரு குரங்குகூடக் காணோம்" என்று வருத்தத்தோடு திரும்புகிறார்கள்.

அம்மாவை அழைத்துப் போவதற்குத் தனிக் காரணம் உண்டு. அவருக்கு 73 வயது. மெந்தகாப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து, பால்மரம் (ரப்பர்) சீவி வளர்ந்தவர். பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட காலத்தில் யானை இறங்கி ஒரே ராத்திரியில் ஒரு நிரைக் குருத்தைத் தின்றுவிட்டுப் போன கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். "லயத்துல எல்லாரும் மண்ணெண்ணெய் டின்னைத் தட்டிக்கிட்டே விடிய விடிய உட்கார்ந்திருப்போம்" என்பார். அந்த யானைகள் பிறகு என்ன ஆயின என்று அவருக்கும் தெரியாது, நானும் கேட்டதில்லை.

பையில் வைத்தவற்றைச் சொல்கிறேன், போகிறவர்களுக்கு உதவும். முழுக்கை சட்டையும் முழுக்கால் சட்டையும், சீக்கிரம் காயும் துணியில். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், ஒரு தடவை நனைந்தால் மூன்று நாளும் ஈரம்தான். நிறம் பச்சை, பழுப்பு, சாம்பல். வெள்ளையும் மஞ்சளும் வீட்டிலேயே இருக்கட்டும். முழங்கால் வரை ஏறும் அட்டைக் காலுறை. ஆளுக்கொரு டார்ச், மாற்று பேட்டரி, டார்ச் முகத்தில் கட்டச் சிவப்புக் கண்ணாடிக் காகிதம். எட்டு மடங்கு பெருக்கும் தொலைநோக்கி ஒன்று. பத்து மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெருகும், காட்டு வெளிச்சத்துக்கும் எட்டே நல்லது. கொசுத் தைலம், காய்ச்சல் மாத்திரை, பிளாஸ்திரி, உப்புப் பொட்டலம், நெகிழிப் பைகள்.

புளிச்சோறு நாளைக்கு. மூன்று நாளைக்கு இட்லிப் பொடி, ஊறுகாய், பிஸ்கட்.

முதல் நாள், ஞாயிறு: கோல காண்டா

காராக் நெடுஞ்சாலையில் பனி விலகும் முன்பே மலையேறிவிட்டோம். காராக்கிலிருந்து கிழக்குக் கரை நெடுஞ்சாலையைப் பிடித்து லஞ்சாங்கில் இறங்கினால் காப்பகத்துக்கு வழிகாட்டிப் பலகைகள் இருக்கின்றன. கோலாலம்பூரிலிருந்து நின்று நிதானமாகப் போனாலும் இரண்டு மணி நேரம்தான். காலையிலேயே போய்ப் பசியாறிவிட்டு, பிற்பகல் நிகழ்ச்சி வரை இருப்பது நல்லது. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு இருப்பதால் பதிவு செய்துகொண்டு, மூடும் நாளையும் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

இது விலங்குக்காட்சி சாலை இல்லை. பெர்ஹிலித்தான் என்ற வனவிலங்குத் துறை 1989இல் தொடங்கிய இடம். இங்கே ஒரு படம் போடுகிறார்கள். பலர் அதைத் தவிர்த்துவிட்டு நேராக யானைக்குப் பப்பாளி கொடுக்கப் போகிறார்கள். தயவுசெய்து படத்தைப் பாருங்கள். நாங்கள் வந்ததன் பொருள் முழுக்க அதில்தான் இருந்தது.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் காட்டை வெட்டி ரப்பரும் செம்பனையும் நட்டார்கள். யானையின் வழித்தடம் தோட்டமாகிவிட்டது. யானைக்கு அது தெரியாது. வழக்கமான பாதையில் வந்தது, வழியில் இளம் செம்பனைக் குருத்து இருந்தது, தின்றது. அப்படி வந்தவற்றைச் சுட்டுக் கொல்வதுதான் வழக்கமாக இருந்தது. 1974இல் வனவிலங்குத் துறை யானைகளை இடம் மாற்றுவதற்கென்றே ஒரு குழு அமைத்தது. பழக்கிய யானைகளை அஸ்ஸாமிலிருந்து வரவழைத்தார்கள். காட்டு யானையின் தடம் பிடித்துப் போய், மயக்க ஊசி போட்டு, காலில் சங்கிலி மாட்டி மரத்தில் கட்டுவார்கள். மயக்கம் தெளிந்ததும் இரு பக்கமும் ஒவ்வொரு பழகிய யானையை நிறுத்தி, நடுவில் இதை நடத்திக்கொண்டே லாரி வரை கொண்டுவருவார்கள். அங்கிருந்து தாமான் நெகாரா போன்ற பெருங்காட்டில் விடுவார்கள்.

படம் ஓடும்போது அம்மா என் கையைப் பிடித்தார். "எழுபத்து நாலா? எனக்குக் கல்யாணம் ஆன வருசம்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப நம்ம தோட்டத்துக்கு வந்ததை எல்லாம் சுடலையா?" என்று கேட்டார். அதற்கு முன் வந்தவற்றைச் சுட்டிருப்பார்கள், பின்னால் வந்தவற்றில் சிலவற்றை லாரியில் ஏற்றியிருப்பார்கள் என்றேன். அவர் பதில் பேசவில்லை.

யானைமேல் ஏறிச் சவாரி செய்வதை இங்கே நிறுத்திவிட்டார்கள். சரியான முடிவு. பழம் கொடுக்கலாம், ஆற்றில் குளிப்பாட்டுவதைக் கரையிலிருந்து பார்க்கலாம். கரும்புத் துண்டை நீட்டினால் தும்பிக்கை நுனியில் இருக்கும் ஒற்றை விரல் போன்ற சதை முதலில் நம் உள்ளங்கையைத் தடவிப் பார்க்கிறது, ஈரமாக, சொரசொரப்பாக. பிறகுதான் கரும்பை எடுக்கிறது. யாழினி அதற்காகவே மூன்று முறை வரிசையில் நின்றாள்.

இருட்டுவதற்குள் ஜெராண்டுட் வந்து அறை எடுத்துவிட்டோம். இங்கிருந்து கோல தாஹான் எழுபது கிலோமீட்டருக்குள்தான், இன்றே போயிருக்கலாம். ஆனால் அந்தச் சாலையை இரவில் ஓட்டாதீர்கள். விளக்கு இல்லை, வளைவு அதிகம். தபீர் எனப்படும் தெனுக்கும் காட்டுப்பன்றியும் குறுக்கே வரும். தெனுக் இருட்டோடு இருட்டாகக் கறுத்து நிற்கும், கடைசி நொடியில்தான் தெரியும். இந்த நாட்டில் தெனுக்குகள் சாவதற்குச் சாலை விபத்து ஒரு பெரிய காரணம்.

இரண்டாம் நாள், திங்கள்: கோல தாஹான்

காலையில் ஜெராண்டுட்டிலேயே மூன்று காரியம் முடித்தோம். வங்கி இயந்திரத்தில் ரொக்கம், காடிக்குப் பெட்ரோல், பழம். காட்டுக்குள் நுழைந்த பிறகு பணம் எடுக்கலாம் என்று நம்பி வராதீர்கள். படகுக்காரர், வழிகாட்டி, கடை எல்லாம் ரொக்கம்தான், சில்லறையாக இருந்தால் இன்னும் நல்லது.

முன்பெல்லாம் கோல தெம்பெலிங் படகுத் துறையிலிருந்து ஆற்றில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் போவதுதான் வழி. அந்தப் பயணம் அழகு, ஆனால் அம்மாவின் முதுகு தாங்காது என்று சாலையைத் தேர்ந்தோம். முதியவர்களோடு வருகிறவர்களுக்குச் சாலைதான் சரி.

கோல தாஹான் என்பது தெம்பெலிங் ஆற்றின் இந்தக் கரையில் ஒரு கம்பம், அதாவது சிற்றூர். மிதக்கும் சாப்பாட்டுக் கடைகள் ஆற்றில் வரிசையாகக் கட்டியிருக்கின்றன. எதிர்க்கரையில் காடு. தாஹான் ஆறு வந்து தெம்பெலிங்கோடு கலக்கும் முனை அது. சிறு படகில் இரண்டு நிமிடத்தில் அக்கரை. அங்கே ஆளுக்கு அனுமதிச் சீட்டும் கேமராவுக்குத் தனி உரிமமும் வாங்க வேண்டும். 1938, 39இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் தொடங்கிய பூங்கா, சுதந்திரத்துக்குப் பிறகு தாமான் நெகாரா ஆனது. பகாங், கிளந்தான், திரெங்கானு மூன்று மாநிலத்திலும் சேர்த்து 4,343 சதுர கிலோமீட்டர்.

சீட்டு வாங்கும் இடத்திலேயே பும்புனில் இடம் கேட்டுப் பதிந்தோம். பும்புன் என்றால் காட்டுக்குள் கால் நாட்டிக் கட்டிய மரக் குடில். ஒரு பக்கம் நீள ஜன்னல், எதிரே உப்புக்குழி. மலாயில் ஜெனுட். இலை தின்னும் பிராணிகளுக்கு இலையில் போதிய உப்புச் சத்து கிடைப்பதில்லை. அதனால் மண்ணிலும் ஊற்றிலும் உப்பு ஊறும் இடத்தைத் தேடி வரும். அங்கே நாம் காத்திருக்கலாம். தாமான் நெகாராவுக்கு வந்து பும்புனில் ஓர் இரவாவது தங்காமல் போவது, கோயிலுக்கு வந்து சாமி பார்க்காமல் திரும்புவது மாதிரி. பும்புன் தாஹான் தலைமையகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, நடக்க முடியாதவர்கள் மாலையில் அங்கே உட்கார்ந்துவிட்டு வரலாம். நாங்கள் நாளை இரவுக்குப் பும்புன் தாபிங் எடுத்திருக்கிறோம். தலைமையகத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் நடை. ஆற்றில் படகில் போய் இறங்கினால் நடை குறையும்.

இன்று மாலை ஜீப்பில் இரவுச் சுற்று போனோம். வண்டி பெரும்பாலும் பூங்காவுக்கு வெளியே செம்பனைத் தோட்டத்தில்தான் ஓடுகிறது. சிறுத்தைப் பூனை ஒன்று, புனுகுப்பூனை இரண்டு, ஆந்தை பார்த்தோம். ஒரு தேவாங்கும் தெரிந்தது. மரக்கிளையில் இரண்டு சிவப்புக் கண், ஓட்டுநர் வெள்ளை விளக்கை அதன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டே இருந்தார், எல்லோரும் படம் எடுக்கட்டும் என்று. அது கையால் முகத்தை மூடிக்கொண்டது. போதும் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. தேவாங்கின் கண் இருட்டுக்கென்று அமைந்தது, அந்த வெளிச்சம் அதைக் குருடாக்கியதுபோல் நிறுத்திவிடும். நீங்கள் போனால் ஏறும் முன்பே கேளுங்கள், சிவப்பு விளக்கா என்று. பணம் கொடுப்பவர் கேட்டால் மாறுவார்கள்.

மூன்றாம் நாள், செவ்வாய்: ஆறும் உப்புக்குழியும்

(இந்தப் பக்கத்தைக் குடிலில் பாதியும் மறுநாள் பகலில் மீதியும் எழுதினேன். உள்ளே தொலைபேசிக்கு வேலை இல்லை.)

காலையில் படகு. லாத்தா பெர்கோ அருவிச் சரிவு வரை தாஹான் ஆற்றில் மேல்நோக்கிப் பயணம். படகுக் கட்டணம் ஆளுக்கு இல்லை, படகுக்கு. சிறிய படகு, நாலு பேர்தான் உட்காரலாம். தனியாக வருகிறவர்கள் துறையில் நின்று ஆள் சேர்த்துக்கொண்டால் செலவு பாதியாகும்.

இரு கரையிலும் நெராம் மரங்கள் சாய்ந்து ஆற்றின் மேல் கூரைபோல் கூடியிருக்கின்றன. தண்ணீர் தேநீர் நிறம். மீன்கொத்தி நீலக் கோடு இழுத்ததுபோல் முன்னால் பறந்துகொண்டே போனது. தலைக்கு மேலே மூச்சு வாங்கும் ரயில்போல ஒரு சத்தம். இருவாட்சியின் சிறகடி அது. பெண் பறவை மரப்பொந்தில் முட்டையிட்டதும் வாசலை மண்ணாலும் எச்சத்தாலும் அடைத்துக்கொள்ளும், சின்னப் பிளவு வழியாக ஆண் பறவை இரை கொண்டுவந்து கொடுக்கும். "அப்பா வரலேன்னா?" என்று கேட்டாள் யாழினி. அம்மா சொன்னார், "வருவாரு. காட்டுல கடமை தவறுனா குடும்பமே போயிரும்."

ஒரு எச்சரிக்கை. ஆற்றில் குளிக்கலாம், நன்றாக இருக்கும். உடம்பில் திறந்த காயம் இருந்தால் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் தண்ணீர் வழியாகப் புண்ணில் ஏறும். ஊருக்குத் திரும்பி இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், காட்டு ஆற்றில் குளித்தேன் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

திரும்பும் வழியில் பிற்பகல் படகுக்காரர் எங்களைத் தாபிங் பக்கம் இறக்கிவிட்டார். வழிகாட்டி உள்ளூர்ப் பையன், உரிமம் உள்ளவர். அம்மாவை ஆன்ட்டி என்றே கூப்பிட்டார், தன் கைத்தடியைக் கொடுத்து அவர் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டார். மழை பெய்து ஓய்ந்த பாதை. அட்டைக்கு அதுதான் நேரம்.

முதல் அட்டையை நான்தான் பார்த்தேன், யாழினியின் காலணி மேல். தீக்குச்சி அளவு. பின்னுடம்பை ஊன்றி, முன்னுடம்பை நீட்டிக் காற்றில் துழாவி, சாண் போட்டு அளப்பதுபோல் ஏறி வந்தது. தரையில் இருக்கும் பழுப்பு அட்டை கடிப்பதே தெரியாது. இலையில் காத்திருக்கும் கோடு போட்ட அட்டை கடித்தால் சுரீர் என்னும். பிடித்து இழுக்காதீர்கள். நகத்தைத் தோலோடு படுத்தி, வாய்ப் பக்கமாகத் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு சாற்றை விட்டிருக்கும், அதனால் கொஞ்ச நேரம் வடிந்துகொண்டே இருக்கும், பயப்பட வேண்டாம். பிளாஸ்திரி போட்டு அழுத்திவைத்தால் போதும். கொண்டுவந்த உப்பு தேவையே படவில்லை.

பாதையில் ஓரிடத்தில் வழிகாட்டி கையை உயர்த்தி நின்றார். ஈர மண்ணில் வட்டத் தடம், உள்ளே மழைநீர் நின்றிருந்தது. யானை. பக்கத்தில் சாணம். அம்மா கைத்தடி நுனியால் சாணத்தைப் பிளந்து பார்த்தார். நார் காய்ந்து, உள்ளே மட்டும் ஈரம், மேலே சின்னக் காளான் முளைத்திருந்தது. "ரெண்டு மூணு நாளாச்சு" என்றார் தமிழில். நான் மலாயில் சொல்ல, வழிகாட்டி அம்மாவைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து யாழினியிடம் கொடுத்து, முன்கால் தடத்தைச் சுற்றி அளக்கச் சொன்னார். முன்கால் சுற்றளவைப் போல இரண்டு மடங்கு யானையின் தோள் உயரம். கயிற்றின் நீளம் 1 மீட்டர் 10 சென்டிமீட்டர் வந்தது. "ரெண்டு இருபது!" என்றாள் யாழினி. பெண் யானையாகவோ இளசாகவோ இருக்கும். அவள் கையை உயர்த்திப் பிடித்து, அந்த உயரத்தில் ஒரு யானையைக் காற்றில் நிறுத்திப் பார்த்தாள்.

அம்மா தடத்தின் பக்கத்திலேயே குந்திக்கொண்டார். "இங்கதான் கொண்டாந்து விட்டாங்களா" என்றார்.

குடிலில் மரக் கட்டில்கள் உண்டு, மெத்தை விரிப்பு எதுவும் இல்லை. படுக்கைப் பை, குடிநீர், டார்ச் எல்லாம் நாம்தான். மின்சாரம் இல்லை. சாப்பாட்டை நெகிழிப் பையில் இறுகக் கட்டி உயரத்தில் தொங்கவிடுங்கள், எலி வரும். குப்பையைத் திரும்பக் கொண்டுபோங்கள், ஒரு பிஸ்கட் காகிதம்கூட விடாதீர்கள். பிஸ்கட்டை இருட்டுவதற்கு முன்பே தின்று முடித்தோம். காகிதம் கிழியும் சத்தம்கூடக் காட்டில் வெகு தூரம் போகும்.

ஏழரைக்கு முழு இருட்டு. வழிகாட்டி மெதுவாக என் பக்கம் குனிந்து, தயங்கித் தயங்கி, "ஆன்ட்டி தைலம் போட்டிருக்கிறாரா?" என்றார். அம்மா முழங்காலுக்குக் கோடாலித் தைலம் தேய்த்திருந்தார், எங்கள் வீட்டில் அது காற்று மாதிரி, எங்களுக்கு வாடையே தெரியாது. பிராணிக்குக் காற்றோடு போய்விடும். அம்மா வருத்தப்படவில்லை. "தோட்டத்துலயும் யானை வர்ற ராத்திரி பூ வைக்க மாட்டோம்" என்று சொல்லி, ஈரத் துண்டால் இரண்டு காலையும் துடைத்து, துண்டைப் பைக்குள் கட்டிவிட்டார். பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்: கோடாலித் தைலம், வாசனைச் சோப்பு, பவுடர், மல்லிகை, எதுவும் வேண்டாம். போகும் முதல் நாளிலிருந்தே.

இரண்டு இரண்டு மணி நேரமாக முறை போட்டு விழித்திருந்தோம். பத்து மணிக்கு ஒரு கேளையாடு, நாய் குரைப்பதுபோல் ஒரு குரல், வரவில்லை. பதினொன்றுக்குக் கடமான் ஒன்று வந்து, காதை எங்கள் பக்கம் திருப்பி, மெல்ல நகர்ந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. தவளை, பூச்சி, இலையிலிருந்து சொட்டும் தண்ணீர். ஒரு மணி நேரம் அப்படி உட்கார்ந்திருந்தால் கண்ணைவிடக் காது பெரிதாகிவிடுகிறது.

இரண்டு முதல் நாலு அம்மாவின் முறை. என் பாதத்தை ஒரு விரல் தொட்டது. எழுந்தேன். வெளியே மெல்லிய விசில், ஏதோ பறவை என்று நினைத்தேன். அம்மா உதட்டில் விரல் வைத்தார். வழிகாட்டி சிவப்பு விளக்கை நேரே காட்டாமல் மரத்தின் மேல் பகுதியில் காட்டி மெல்ல இறக்கினார். முதலில் தெரிந்தது உடம்பே இல்லை, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் அசைந்து வரும் ஒரு வெளுப்பு. யாரோ நனைந்த வேட்டியைத் தோளில் போட்டுக் குனிந்து வருவது போல. பிறகுதான் முன்னும் பின்னும் இருந்த கறுப்பு சேர்ந்து ஒரு தெனுக் ஆனது.

அது குழியின் விளிம்பில் நின்று மூக்கை உயர்த்தியது. குட்டையான தும்பிக்கை, யானைத் தும்பிக்கை பாதி முளைத்து நின்றுவிட்டதுபோல. இடதும் வலதுமாக மடக்கி மடக்கிக் காற்றைப் பார்த்தது. காதின் விளிம்பில் வெள்ளைக் கோடு. பின் தலையைத் தாழ்த்தியது, சேறு உறிஞ்சும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. யாழினியின் மூச்சு என் தோளில் சூடாகப் பட்டுக்கொண்டிருந்தது. யாரும் கேமராவைத் தொடவில்லை. பத்து நிமிடம் இருக்கும். வந்தது போலவே போனது, ஒரு குச்சிகூட உடையவில்லை.

அம்மாவுக்குத் தெனுக்கைத் தெரியும். தோளில் காண்டாக் கம்பு தூக்கிப் பால் சுமந்த காலத்தில் விடிகாலை இருட்டில் இரண்டு முறை பார்த்திருக்கிறாராம். "அப்ப பேய்னு நெனச்சு பால் வாளியப் போட்டுட்டு ஓடினேன். கங்காணி ஏசினாரு. பாவம், இதுதானா அது" என்றார் காலையில்.

நான்காம் நாள், புதன்

விடியும்போது வெள்ளைக்கை உங்கா குரங்குகளின் பாட்டு மலைக்கு மலை போயிற்று. தூரத்தில் குவாவ், குவாவ் என்று குவாவ் ராயா என்னும் பெரிய காட்டுப் பறவையின் குரல். அதைக் கேட்கலாம், பார்ப்பது அபூர்வம்.

தலைமையகம் திரும்பி, அம்மாவும் இவரும் ஓய்வெடுக்க, நானும் யாழினியும் மரமேல் தொங்கு பாலத்துக்குப் போனோம். தரையிலிருந்து சுமார் நாற்பது மீட்டர் உயரம், ஆள் ஆளாக இடைவெளி விட்டு நடக்க வைக்கிறார்கள். மழை வந்தால் மூடிவிடுவார்கள், காலையிலேயே போங்கள். பழுதுபார்க்க மூடியிருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

பாத்தேக் பூர்வகுடியினர் குடியிருப்புக்கும் அழைத்துப் போகிறார்கள். ஊதுகுழலில் அம்பு விடுவதையும், நெருப்பு மூட்டுவதையும் காட்டுவார்கள். அம்பு நுனியில் தடவும் நஞ்சு ஈப்போ மரத்தின் பாலிலிருந்து எடுப்பது, ஈப்போ நகரத்தின் பெயர் அந்த மரத்தால் வந்ததுதான். நாங்கள் போகவில்லை. போவதானால் கேட்காமல் யாரையும், குறிப்பாகக் குழந்தைகளை, படம் எடுக்காதீர்கள். அது அவர்கள் வீடு.

புலியைப் பற்றி யாழினி கேட்டாள். மலாயாப் புலி இந்த நாட்டின் சின்னத்தில் இரண்டு பக்கமும் நிற்கிறது, காட்டில் 150க்கும் குறைவு. சுமத்ரா காண்டாமிருகம் ஒரு காலத்தில் இந்தக் காட்டிலும் இருந்தது. மலேசியாவின் கடைசி ஒன்று 2019 நவம்பரில் சபாவில் இறந்தது. இதை அவளிடம் சொல்ல எனக்குச் சிரமமாக இருந்தது. சொன்னேன். கோலாலம்பூரில் ஒரு பயண முகவர் "புலி, யானை எல்லாம் காட்டுவோம், உத்தரவாதம்" என்று எங்களிடம் விற்கப் பார்த்தார். காட்டில் உத்தரவாதம் கொடுப்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

ஐந்தாம் நாள், வியாழன்: செந்தூல்

மதியத்துக்குள் வீடு. கோல தாஹானிலிருந்து நேராக வந்தால் நாலு மணி நேரம்.

துணியெல்லாம் வெந்நீரில் ஊறுகிறது. தொலைநோக்கியும் கேமராவும் அரிசி டப்பாவுக்குள் ஒரு இரவு, ஈரம் இறங்கட்டும். கேட்டவர்களுக்கு ஒரே பதிலாக எழுதிவிடுகிறேன்: மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை போங்கள். நவம்பர், டிசம்பர், ஜனவரி மழைக்காலம், ஆறு ஏறும், படகு நிற்கும். வார நாளில் போனால் பும்புனில் இடமும் கிடைக்கும், அமைதியும் கிடைக்கும். சைவச் சாப்பாட்டுக்கு மிதக்கும் கடைகளில் வெறுஞ்சோறு, முட்டையில்லாத கீரை வதக்கல், டோஃபு கேட்டு வாங்கலாம், நெத்திலியும் பெலாச்சானும் (இறால் விழுது) போடாமல் செய்யச் சொல்லி முன்பே சொல்லிவிட வேண்டும். சின்னக் குழந்தை இருந்தால் பும்புன் தங்கலை ஒத்திப்போடுங்கள், ஒரு இரவு முழுக்கச் சத்தமில்லாமல் இருக்கச் சொல்வது அந்தக் குழந்தைக்குத்தான் கஷ்டம்.

இதை எழுதும்போது அம்மா கூடத்தில் மெந்தகாப்பில் இருக்கும் சின்னம்மாவோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறார். நம்ம தோட்டத்து யானையைச் சுடாமல் லாரியில் ஏற்றிக் காட்டில் விட்டிருப்பார்கள், தடத்தை என் கண்ணால் பார்த்தேன் என்று மூன்றாவது தடவை சொல்கிறார். அடுத்த மார்ச்சில் அவரையும் கூட்டிப்போவதாக முடிவாகிவிட்டது போலிருக்கிறது.

"காலுக்குத் தைலம் மட்டும் தேய்ச்சுக்கிட்டு வந்துறாதடி" என்கிறார். "ராத்திரி முழுக்க எதுவும் வராது."